ஒதீல் ஏற்றிய மண்

ஒதீல் ஷவாவின் திராட்சைத் தோட்டம் பிரான்சில் எங்கள் ரோன் ஆற்றுச் சரிவிலேயே மிகவும் செங்குத்தானது. அங்கே டிராக்டர் ஏறாது, குதிரையும் ஏறாது. கணவன் ரெமி அக்கரை ரசாயன ஆலையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு கொடி வெட்டுவது, கட்டுவது, களை கொத்துவது எல்லாம் அவள் ஒருத்திதான். நான் அப்போது தபால்காரன். கடிதம் கொண்டுபோனால் வீட்டில் ஆள் இருக்காது. அண்ணாந்து பார்த்துக் கூப்பிட வேண்டும்.

அவளுக்கு நாற்பத்தாறு வயதான ஆண்டு, அறுவடை முடிந்த மறுவாரம் மூன்று நாள் விடாத மழை. மேலே படிபோல் வெட்டிய மூன்று அடுக்கு நிலத்தைத் தாங்கிய கற்சுவர்கள் இடிந்து, கொடியும் மண்ணுமாகச் சரிந்து, கீழே பக்கத்து நிலத்துக்காரர் ஃபிர்மனின் முட்டைக்கோஸ் பாத்திகளை மூடிவிட்டன. மேலே மிஞ்சியது வெறும் பாறை.

மழை விட்டதும் மண்வெட்டியோடு இறங்கினாள். ஃபிர்மன் வரப்பில் நின்றிருந்தார்.

"மதாம் ஷவா, அதைக் கீழ போடுங்க. என் நிலத்துல கிடக்கற மண்ணு என் மண்ணு."

"உங்க கோஸை நசுக்கினப்ப மட்டும் என் மண்ணா இருந்துச்சாமே? காலையில ரொட்டிக் கடையில அப்படித்தான் கத்தினீங்களாம்."

கடிதம் கொண்டுவந்து நின்ற நான் சிரித்துவிட்டேன். ஃபிர்மன் என்னை முறைத்தார்.

"சரி, ஈஸ்டர் வரைக்கும் அள்ளிக்கோங்க. மறுநாள் உழுதுடுவேன். மிச்சம் என்னோடது. முதுகு போச்சுன்னு அழக் கூடாது."

வீட்டில் ரெமியும் சொல்லிப் பார்த்தான். "விட்டுடு ஒதீல். வீட்டுப் பக்கம் நம்ம சமநிலத்துல ஆப்ரிகாட் பழமரம் வைக்கலாம்."

"நல்ல ஒயின் அந்த மேல் அடுக்குலேர்ந்துதான் வருது. அதை விட்டுட்டு ஆப்ரிகாட்டையா பிழிஞ்சு குடிப்பே?"

முதலில் சுவர். கடப்பாரையால் கற்களை நெம்பி உருட்டி அடுக்கினாள். பாதி எழும்பிய சுவர் ஒருமுறை வயிறு தள்ளிச் சாய்ந்தது. பிரித்து மறுபடி கட்டினாள். டிசம்பரில் முதுகுக்கூடையை எடுத்தாள். கீழிருந்து மேலே நூற்று நாற்பது படி, நாளுக்கு இருபது நடை. ஜனவரியில் மண் உறைந்து கல்லானது. கொத்தி உடைத்துச் சுமந்தாள். பிப்ரவரியில் தோள் வீங்கியது. அரைக்கூடையாக ஏற்றினாள். ஒருநாள் மனம் பொறுக்காமல் கூடைக்குக் கை நீட்டினேன்.

"கடுதாசி இருந்தா குடு. இல்லேன்னா வழியை விடு."

ஈஸ்டர் மறுநாள் காலை ஃபிர்மன் டிராக்டரோடு வந்தார். மூன்றில் ஒரு பங்கு மண் இன்னும் கிடந்தது. அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்:

"இன்னும் ஒரு வாரம் வேணுமா?"

"பேச்சுன்னா பேச்சுதான். ஓட்டுங்க."

அவர் ஓட்டினார். அவள் மேலே ஏறிப் போய்ச் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதாளாம். டிராக்டர் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை என்று பல வருடம் கழித்து என்னிடம் சொன்னாள். மறுவாரமே, நிரம்பியிருந்த இரண்டு அடுக்குகளிலும் புதுக்கொடி நட்டாள்.

நான்காம் ஆண்டு அவை காய்த்தன. ரெமி ஆலையில் விடுப்புப் போட்டு, பழம் பறிக்கக் கூட்டாளிகள் இருவரை அழைத்துவந்தான். பழக்கூடையோடு இரண்டு முறை ஏறி இறங்கியதும் மூவரும் படியில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"என்னப்பா, ஆலையில மாடிப்படியே கிடையாதா?" என்று மேலிருந்து கத்தினாள் ஒதீல்.

மூன்றாவது அடுக்கை அவள் விடவில்லை. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் சாலையோர ஓடையில் ஒதுங்கிய வண்டலை அள்ளி ஏற்றினாள். அங்கே கொடி நட்டபோது அவளுக்கு ஐம்பத்தைந்து வயது.