யாரும் பார்க்காத கத்திக்குத்து

கதவைத் தட்டிப் பிழைக்கிற தொழில்கள் எத்தனையோ உண்டு. விற்கவும் ஒன்றும் இல்லாமல், கொடுக்கவும் ஒன்றும் இல்லாமல், கேட்பதற்கு மட்டும் ஒரு கட்டுக் கேள்வியோடு கதவைத் தட்டுகிற தொழில் எங்களுடையது ஒன்றுதான்.

நான் சமூகவியல் ஆராய்ச்சிகளுக்குக் களப்பணி செய்கிறவள். பெரிய படிப்புப் படித்தவர்கள் அறைக்குள் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து கேள்விகளை எழுதுவார்கள். அவற்றை நான் வெயிலில் எடுத்துக்கொண்டு போய்க் கேட்பேன். போன வருடம் வந்த வேலை கொஞ்சம் கனமானது. திருச்சிக்கு வடமாநிலங்களிலிருந்து பிழைக்க வந்தவர்களால் அடிதடியும் கத்திக்குத்தும் கூடியிருக்கிறதா, அல்லது கூடியிருப்பதாக ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறதா என்பதுதான் ஆராய்ச்சி. மக்கள்தொகைக் கணக்கெடுத்த ஆசிரியர்களே, வாக்காளர் பட்டியலைச் சரிபார்த்தவர்களே, படிவமும் கையுமாக நாய்க்குப் பயந்து கேட்டுக்கு வெளியே நின்ற என் இனத்தவர்களே, இது உங்களுக்காகத்தான்.

பேட்டி கண்டது யார்?

தென்னூரில் ஒரு வீடு. ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் கேட்டைத் திறந்து, நாற்காலி போட்டு, மோரும் கொடுத்தார். இப்படி ஒரு வரவேற்பு எங்கள் தொழிலில் ஆறு மாதத்துக்கு ஒரு தடவைதான் கிடைக்கும். நான் பேனாவின் மூடியைத் திறப்பதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார். சொந்த ஊர் எது, அப்பா என்ன செய்தார், வீட்டுக்காரருக்கு எங்கே வேலை, பொன்மலை ஒர்க்‌ஷாப் என்றால் எந்தப் பிரிவு, பெண்ணுக்கு வரன் பார்க்கிறோமா, பார்க்கிறோம் என்றால் எந்தப் பக்கத்து ஆட்கள். முக்கால் மணி நேரம் ஒரு கேள்விக்கும் மழுப்பாமல் பதில் சொன்னேன்.

ஒருவழியாக என் படிவத்தை விரித்து, "உங்க தெருவுல வெளிமாநிலத்துக்காரங்க யாராவது இருக்காங்களா?" என்று முதல் கேள்வியைக் கேட்டேன். அவர் எழுந்து வேட்டியைச் சரி செய்துகொண்டு சொன்னார்:

"உங்களைப் பத்தி எனக்கு முழுத் திருப்திம்மா. ஆனா இந்தத் தெருவுல எனக்கு யாரையும் தெரியாதுங்க."

சண்டை வேறு, வன்முறை வேறு

பொன்மலையில் ரயில்வே குவார்ட்டர்ஸ். வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம், கடந்த ஒரு வருடத்தில் இந்தப் பக்கம் யாராவது யாரையாவது அடித்தது, காயப்படுத்தியது உண்டா என்று கேட்டேன். "சேச்சே, ரொம்ப அமைதியான இடம்ங்க" என்றார். "இல்லை" என்ற கட்டத்தில் டிக் போட்டேன். அப்போது தலையைச் சுற்றிப் பெரிய கட்டுப் போட்ட ஒருவர் உள்ளேயிருந்து வந்து, சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளில் ஷிப்டுக்குக் கிளம்பினார்.

அவருக்கு என்ன ஆச்சு என்று கேட்டேன். பைக்கை எங்கே நிறுத்துவது என்பதில் பங்காளிக்கும் அவருக்கும் பேச்சு முற்றி, பங்காளி ஸ்டூலால் போட்டுவிட்டாராம். ஏழு தையலாம். சரி, படிவத்தைத் திருத்திக்கொள்கிறேன் என்று பேனாவை மறுபடி எடுத்தேன். அந்த அம்மாவுக்கு என் மேல் கோபமே வந்துவிட்டது.

"அது சண்டைங்க. நீங்க வன்முறையைத்தானே கேட்டீங்க? அதெல்லாம் வெளியாளுங்க பண்றது!"

முக்கொம்பில் ரபீக்

ரபீக் என்னோடு வேலை பார்க்கிறவன். அவனுக்கு இந்தி நன்றாக வரும் என்பதால் தொழிலாளிகளைப் பேட்டி காண்பது அவன் பொறுப்பு. அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் ஓய்வு. அன்றைக்கு முக்கொம்பு அணைப் பூங்காவுக்குப் போனால் பாதிப் பேரைப் பிடித்துவிடலாம் என்று கண்டுபிடித்தவனும் அவன்தான். அங்கேதான் பிகாஷைப் பார்த்திருக்கிறான். ஒடிசாக்காரர், டைல்ஸ் ஒட்டுகிற வேலை. மனைவி சபிதாவுக்கு அப்போது ஆறாம் மாதம். ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக்கரைப் பக்கம் ஒரு தெருவில், கோமளா மாமி என்பவர் வீட்டு மாடியில் குடியிருந்தார்கள். அவர்கள் பேசும் மொழியைக் கேட்டதும் கதவைச் சாத்திய வீடுகளையெல்லாம் தாண்டிக் கிடைத்த வீடு அது. சபிதாவுக்கு அங்கேயே அரசு ஆஸ்பத்திரியில் பதிவு செய்து அட்டையும் வாங்கியாகிவிட்டது.

ரபீக் வணக்கம் சொன்னவுடன், கேட்காமலேயே புருஷன் பெண்டாட்டி இருவரும் ஆதார் கார்டை எடுத்து நீட்டினார்களாம். அதைச் சொல்லும்போது அவன் முகம் சரியாக இல்லை. உங்களை யாராவது அடித்ததோ பறித்ததோ உண்டா என்று படிவப்படி கேட்டிருக்கிறான். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இரண்டு பேர் போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். புகார் கொடுத்தீர்களா என்று கேட்டதற்குப் பிகாஷ் சிரித்தாராம். அவர் சொன்னதை ரபீக் தமிழில் அப்படியே எழுதிக்கொண்டு வந்திருந்தான்:

"போன் போச்சுன்னு சொல்லப் போனா, முதல்ல அது உன் போன்தானான்னு கேப்பாங்க. போன் மட்டும் போனதே நல்லதுங்க."

அம்புக்குறிகள்

அடுத்த மாதம் அதே ஸ்ரீரங்கத் தெருவுக்கு நான் போனேன். முதல் வீட்டிலேயே, "வடக்கத்திக்காரன் ஒருத்தன் கத்தியால குத்திட்டான்" என்றார்கள். இரண்டாவது வீட்டிலும் அதுவே. மூன்றாவது வீட்டில் குத்து வயிற்றில் விழுந்திருந்தது. நான்காவது வீட்டுக்குப் போவதற்குள் குத்துப்பட்டவர் பெரியாஸ்பத்திரியில் கிடந்தார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. இத்தனை நாள் அலைந்ததற்கு ஒரு சம்பவமாவது கிடைத்ததே என்று மனசு துள்ளியது. இப்படி ஒரு புத்தியை இந்தத் தொழில்தான் கொடுக்கிறது.

எங்கள் படிவத்தில், "நீங்களே பார்த்தீர்களா? இல்லையென்றால் யார் சொன்னார்கள்?" என்று ஒரு கேள்வி உண்டு. ஒருவரும் பார்க்கவில்லை. எல்லாருக்கும் யாரோ சொல்லியிருந்தார்கள். படிவத்தின் பின்பக்கத்தில் வீட்டு எண்களை எழுதி, யாரிடமிருந்து யாருக்கு என்று அம்புக்குறி போட்டேன். ஒன்பதாம் நம்பருக்கு மருந்துக்கடையில் கேட்டது. மருந்துக்கடைக்காரருக்கு ஆறாம் நம்பர் சொன்னது. பின்னாலேயே போய்ப் பார்த்தால், எல்லா அம்பும் பிளவுஸ் தைக்கிற லலிதாவின் வீட்டிலிருந்துதான் கிளம்பியிருந்தன.

லலிதாவை எனக்கு முன்பே தெரியும். இரண்டு மாதத்துக்கு முன்னால், கேள்விகள் புரிகின்றனவா என்று சோதித்துப் பார்க்க இந்தத் தெருவில் இரண்டே இரண்டு வீட்டில் கேட்டிருந்தேன். அதில் ஒன்று லலிதா வீடு. அவரிடம் படித்த கேள்வி இது: "உங்கள் தெருவில் குடியிருக்கும் வெளிமாநிலத் தொழிலாளி ஒருவர், வாக்குவாதத்தில் ஒருவரைக் கத்தியால் குத்திவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் என்ன செய்வீர்கள்?" நான் போன பிறகு அந்த "வைத்துக்கொள்வோம்" மட்டும் எங்கேயோ உதிர்ந்துவிட்டது. லலிதா தையல் மெஷினை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்கதானேங்க வந்து கேட்டீங்க? ஒண்ணுமே நடக்காமயா ஆபீஸ்லேர்ந்து ஆள் வந்து விசாரிப்பாங்க?"

தெரு கெட்டால் பரவாயில்லை

இரண்டு வீடு தள்ளி கோமளா மாமி வாசலில் நின்றுகொண்டிருந்தார். தெருவில் வடமாநிலத்துக்காரர்கள் என்றால் அவர் வீட்டு மாடியில் இருப்பவர்கள்தான்; அவர்களை மாசக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டாராம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை தினமும் போன் செய்து, தனியாக இருக்கிறாய், முதலில் அவர்களை அனுப்பு என்கிறானாம். தெருக் குடியிருப்போர் சங்கத்துக்காரர்களும் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டு, இனி இந்தத் தெருவில் வடமாநிலத்தவருக்கு வீடு கொடுப்பதில்லை என்று தீர்மானம் போடப் போகிறார்களாம். சபிதா மாடிப்படியில் உட்கார்ந்து ஆஸ்பத்திரி அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டிருந்தாள். ஏழாம் மாதம். கீழே நான் நிற்பதைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

புரொபசருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். கூட்டத்துக்குப் போய் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்றேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் தெரு கெட்டாலும் அட்டவணை கெடக் கூடாது அவருக்கு. ஆய்வாளர் கவனிக்கத்தான் வேண்டும், தலையிடக் கூடாது என்று நிதானமாக விளக்கினார். தலையிட்டாகிவிட்டது சார், இப்போது தலையை எடுக்கத்தான் போகிறேன் என்று நான் கத்தினேன். பக்கத்தில் இருந்த ரபீக் மெதுவாகச் சொன்னான்:

"போவோம்க்கா. வேலை போனா போகட்டும், ரெண்டு பேரும் சேர்ந்தே வேற வேலை தேடுவோம்."

கார் ஷெட்டில் கூட்டம்

கூட்டம் சங்கச் செயலாளர் சேஷாத்ரி சாரின் கார் ஷெட்டில் நடந்தது. காரை வெளியே நிறுத்திவிட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். பிகாஷையும் சபிதாவையும் கூப்பிடவில்லை. நான் எழுந்து, கத்திக்குத்து நடக்கவே இல்லை, அது என் படிவத்தில் இருந்த கற்பனைக் கேள்வி, தப்பு என்னுடையது என்றேன். "அப்ப பெரியாஸ்பத்திரியில இருக்கறது யாரு?" என்று ஒருவர் கேட்டார். யாரும் இல்லை என்றதும் அவருக்கு ஏமாற்றமாகவே இருந்தது. "இன்னிக்கு நடக்கலைன்னா நாளைக்கு நடக்காதுன்னு என்ன நிச்சயம்?" என்றார் இன்னொருவர். நான்கைந்து தலைகள் ஆடின.

அப்போதுதான் அந்தச் சோதனைக் கேள்வி நினைவுக்கு வந்தது. எங்கள் படிவம் இரண்டு விதம். ஒன்றில் குத்துகிறவர் வெளிமாநிலத்தவர், இன்னொன்றில் உள்ளூர்க்காரர். மற்றபடி ஓர் எழுத்துக்கூட மாறாது. "அன்னிக்கு இதே தெருவுல இன்னொரு வீட்டுலயும் கேட்டேன். உள்ளூர்க்காரர் ஒருத்தர் குத்திட்டார்னு வச்சுக்கோங்கன்னு. அந்தக் கத்திக்குத்தைப் பத்தி உங்கள்ல யாராவது கேள்விப்பட்டீங்களா?" என்றேன். யாரும் கேள்விப்படவில்லை. பதில் சொன்னவர் பெயரை வெளியே சொல்லக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் சட்டம். அதனால் வாயை மூடிக்கொண்டு நின்றேன். சேஷாத்ரி சார் தன் கையில் இருந்த தீர்மானத்தைப் பார்த்தார். பிறகு, "என்கிட்டதான் கேட்டாங்க. சும்மா கேள்விதானேன்னு நான் யார்கிட்டயும் சொல்லலை" என்றார். அதைச் சொல்லும்போதே அவருக்கு என்னவோ உறைத்துவிட்டது. பின்வரிசையில் லலிதா எழுந்து, "நான்தாங்க முதல்ல சொன்னது, மன்னிச்சுக்குங்க" என்று அழுதுவிட்டார்.

சேஷாத்ரி சார் கடைசி முயற்சியாக, "இருந்தாலும் உங்க பிள்ளையே காலி பண்ணச் சொல்றாரே மாமி" என்றார். கோமளா மாமி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார்.

"அவன் சொல்லுவான். அந்த ஊர்ல அவனுக்கு வீடு குடுத்தவா இப்படி ஒரு கூட்டத்துக்குப் போயிட்டு வந்திருந்தா, இன்னிக்கு எங்கே நின்னுண்டு எனக்குப் போன் பண்ணுவான்? அவா மாடியிலதான் இருப்பா, நீங்க எழுதிக்கோங்கோ!"

பயம் எதற்கு?

தீர்மானம் அன்றைக்கு நிறைவேறவில்லை. தெருவே அடுத்த நாள் திருந்திவிட்டது என்று சொன்னால் நீங்கள் நம்பவும் மாட்டீர்கள், நம்பவும் வேண்டாம். இரண்டு மூன்று பேர் இன்னும் மாடியைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். புரொபசர் மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் கூப்பிட்டு, அந்தக் கற்பனைக் கேள்வியை எடுத்துவிட்டதாகவும், அது செய்த வேலையைப் பற்றித் தனியாக எழுதப் போவதாகவும் சொன்னார். என் அம்புக்குறித் தாள் வேண்டுமாம்.

பேட்டியின் இரண்டாம் சுற்றுக்காகச் சபிதாவைப் பார்க்கப் போனேன். ஒன்பதாம் மாதம்; மாடி ஏற வேண்டாம் என்று மாமி கீழ் ரூமிலேயே படுக்க வைத்திருந்தார். ரபீக் மொழிபெயர்க்கத் தயாராக வந்திருந்தான், தேவைப்படவில்லை. மாமியிடம் கற்ற தமிழில் அவளே பேசினாள். "இந்த ஊரில் நீங்கள் யாருக்காவது பயப்படுகிறீர்களா?" என்பது கேள்வி. உள்ளூர் இளைஞர்கள், போலீஸ், வேலை கொடுப்பவர், வீட்டு உரிமையாளர், யாருக்கும் இல்லை என்று பதிலுக்கு ஐந்து கட்டங்கள். நான் பேனாவைக் கடைசிக் கட்டத்துக்குப் பக்கத்தில் ஆசையோடு வைத்துக்கொண்டு காத்திருந்தேன். சபிதா அடுக்களைப் பக்கம் ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"மாமிகிட்டதான் பயம். மூணு வேளையும் கீரை பண்ணிண்டு வரா, ஒரு வாய் மீதி வச்சாலும் திட்றா."

எங்கள் அறிக்கை வெளிவந்த பிறகு, வீட்டு உரிமையாளருக்குப் பயந்து வாழும் வெளிமாநிலத்தவரைப் பற்றிய அட்டவணையைப் பார்த்து யாராவது நெஞ்சு கலங்கினால், அதில் ஒரு டிக் முழுக்க முழுக்கக் கீரையைப் பற்றியது என்பதை இப்போதே சொல்லி வைக்கிறேன்.