பொட்டு வைத்த டிஸ்க்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் நான் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்த காலத்தில் எனக்கென்று ஒரு சட்டம் இருந்தது. ஒரு ஹார்டு டிஸ்க்கிலிருந்து இன்னொன்றுக்கு நகல் எடுக்கும்போது, எதை அழிக்கக் கூடாதோ அதற்குக் குங்குமப் பொட்டு வைத்துவிடுவேன். ஸ்டிக்கர் ஒட்டிப் பார்த்தேன், டிஸ்க் சூட்டில் கழன்று விழுந்தது. மார்க்கர் பேனா கடையில் ஒரு வாரம் தங்காது, எவனாவது சட்டைப் பையில் செருகிக்கொண்டு போய்விடுவான். குங்குமக் கிண்ணம் மட்டும் சாமி படத்துக்குக் கீழே எப்போதும் இருக்கும். ஒரு சொட்டுத் தண்ணீரில் குழைத்து வைத்தால் காய்ந்து பிடித்துக்கொள்ளும். பொட்டு உள்ளதை முதல் ஒயரில் மாட்டுவேன், இல்லாததை இரண்டாவது ஒயரில். முதலிலிருந்து இரண்டாவதுக்கு. கருப்புத் திரையில் கட்டளை அடிக்கும்போது யோசிக்கவே வேண்டாம், கை தானாக அடித்துவிடும்.

அந்தக் கட்டளையின் பெயர் டிடி. எங்கிருந்து, எங்கே என்று இரண்டு இடம் சொன்னால் போதும். எந்த பார்ட்டிஷன், எந்தக் கோப்பு, எது காலி இடம் என்றெல்லாம் அது பார்க்காது. ஒரு டிஸ்க்கின் தொடக்கத்திலிருந்து கடைசி வரை உள்ளதை அப்படியே இன்னொன்றின் மேல் எழுதிக்கொண்டே போகும். அங்கே ஏற்கெனவே என்ன இருந்தாலும் அது போய்ச் சேர்ந்தது. விண்டோஸில் ஒரு படத்தை அழித்தால்கூட, நிச்சயமா என்று ஒரு பெட்டி வந்து கேட்கும். டிடி கேட்காது. அதனாலேயே எனக்கு அதை ரொம்பப் பிடிக்கும். வேலை நடுவில் எவன் கேள்வி கேட்டாலும் எனக்குச் சுள்ளென்று ஏறும்.

2007ல், சரஸ்வதி பூஜைக்கு நாலு நாள் இருக்கும்போது, என் மனைவியின் அண்ணன் சிதம்பரத்திலிருந்து வந்தார். அங்கே போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். மனிதர் சாதாரணமாக வாசலிலேயே கிண்டலை ஆரம்பித்துவிடுவார். அன்றைக்கு வந்து உட்கார்ந்தவர் பையிலிருந்து ஒரு டிஸ்க்கை எடுத்து, துண்டு சுற்றியபடியே மேஜையில் வைத்தார்.

"மாப்ள, இதுல சுனாமி படம் இருக்குது. அடையாளம் தெரியாதவங்கள பொதைக்கறதுக்கு முன்னாடி நம்மளத்தான் கூட்டினு போய் எடுக்கச் சொன்னாங்க. நம்பர் போட்டு நம்பர் போட்டு எடுத்தேன். பிரிண்ட்ட வாங்கினுப் போனவங்க எங்க போட்டாங்கன்னே தெரியல. இது ஒண்ணுதான் இருக்குது. இப்ப ஓபன் ஆவ மாட்டேங்குது."

மூன்று வருஷம் கழித்து அதை ஏன் திறக்கிறீர்கள் என்று கேட்டேன். பிச்சாவரத்துப் பக்கத்தில் ஒரு மீனவர் குப்பம் என்று ஆரம்பித்தார். அங்கே ஒரு அம்மாவுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் அன்றைக்குக் காலையில் கரையில் இருந்தவள், அப்புறம் கிடைக்கவில்லை. புருஷனுக்குக் கால் உடைந்து பல மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்ததால் அந்த அம்மாவும் அங்கேயே இருந்துவிட்டது. படங்களை மற்றவர்கள் பார்த்தபோது அது பார்க்கவில்லை. இப்போது இளையவளுக்குச் சம்பந்தம் வந்திருக்கிறது. மூத்தவளுக்குக் காரியம் பண்ணி முடித்தால்தான் வீட்டில் கல்யாணம் என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டார்கள். இந்த அம்மாவோ, முகத்தைப் பார்க்காமல் என் பெண்ணுக்குத் திதி கொடுக்க மாட்டேன் என்று நிற்கிறது. படத்தில் இருந்தால் காரியம், இல்லாவிட்டால் பெண் எங்கேயோ உயிரோடு இருக்கிறாள். அதுதான் அதன் கணக்கு.

"விஜயதசமி அன்னிக்கு சாயங்காலம் வரச் சொல்லிட்டேன் மாப்ள. எடுத்துடுவ இல்ல?"

"போய்ட்டு வாங்க மச்சான்" என்றேன். இருந்த திமிருக்கு அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

எண்பது ஜிபி டிஸ்க். முதல் இருபது சி டிரைவ், மீதி அறுபது டி டிரைவ், படமெல்லாம் டியில். ஓட விட்டால் டிக், டிக் என்று அடித்தது. அந்தச் சத்தம் கேட்டால் அதன் ஆயுள் முடியப்போகிறது என்று அர்த்தம். அதே கம்பெனியில் அதே எண்பது ஜிபியில் புதிது ஒன்று என் கையிருப்பில் இருந்தது. மச்சான் டிஸ்க்குக்குப் பொட்டு வைத்து, முதல் ஒயரில் மாட்டி, டிடியை ஓட்டினேன். முப்பத்தொரு ஜிபி வரை நகல் எடுத்தது. பிறகு கெட்டுப்போன இடம் வந்து, படிக்க முடியவில்லை என்று நின்றுவிட்டது. படிக்க முடியாத இடத்தைத் தாண்டிப் போ என்று சேர்த்துச் சொன்னால் தாண்டும். ஆனால் டிஸ்க் தொட முடியாத சூடாகியிருந்தது. பூஜை முடியட்டும், ஆறட்டும் என்று இரண்டையும் கழற்றி மேஜையில் வைத்தேன். பூஜை அன்றைக்கு ஆயுதத்தைத் தொடக் கூடாது, மறுநாள் விஜயதசமியில் எடுத்த வேலை தட்டாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். அதை முதல் வேலையாக வைத்துக்கொண்டேன்.

விஜயதசமி காலையில் மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. கடையில் பொரியும் சந்தனமும் மணந்தது. ஸ்க்ரூ டிரைவர், மானிட்டர், சால்டரிங் அயன், கல்லாப்பெட்டி என்று எல்லாவற்றுக்கும் பொட்டு. பூஜைக்கு என் மனைவிதான் கடையைக் கழுவித் துடைத்துச் செய்திருந்தாள். மேஜையில் இரண்டு டிஸ்க்குகள். ஒன்றுக்குப் பொட்டு இருந்தது, ஒன்றுக்கு இல்லை. பொட்டு உள்ளதை முதல் ஒயரில் மாட்டினேன். திரையில் இரண்டின் பார்ட்டிஷன் பட்டியலையும் பார்த்தேன். முன்பே நகல் பாதி ஓடியிருந்ததால் இரண்டிலும் ஒரே பட்டியல், இருபதும் அறுபதும். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் தனி நம்பர் உண்டு, ஒரு வரி அடித்தால் திரையில் வந்துவிடும். நான் அடிக்கவில்லை. பொட்டு இருக்கிறதே, அப்புறம் என்ன?

டிடி ஓடியது. சத்தமே இல்லை. பூஜைக்கு முன்னால் டிக் டிக் என்று உயிரை வாங்கிய டிஸ்க் வாயை மூடிக்கொண்டு ஓடியது. எனக்கு உள்ளுக்குள் என்னவோ செய்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆறிப் போனதால் சரியாகிவிட்டது போல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, எதிர்க்கடையில் இட்லி சாப்பிடப் போனேன். இரண்டாவது ஈடு வரும் வரை நிதானமாக உட்கார்ந்தும் சாப்பிட்டேன்.

திரும்பி வந்தபோது மனைவி பூஜைத் தட்டுகளை எடுக்க வந்திருந்தாள். பேச்சுவாக்கில், "எல்லாத்துக்கும் நீட்டா வெச்சிருக்கற, ஒரு டிஸ்க்குக்கு மட்டும் ஏன் பொட்டு வெக்கல?" என்றேன்.

"அது யாரோ குடுத்த ரிப்பேர் சாமான் தானே. அழுக்கா ஏதோ செவப்பா ஒட்டினு இருந்துச்சு, ஈரத்துணியில தொடச்சிட்டேன். ஆயுத பூஜைக்கு நம்ம பொருளுக்குத்தான் வெப்பாங்க. பளபளன்னு இருந்துச்சே புதுசு, அதுக்கு வெச்சேன்."

கண்ட்ரோலும் சியும் சேர்த்து அழுத்தினேன். நிற்கும்போது டிடி தான் எவ்வளவு எழுதினேன் என்று சொல்லிவிட்டுத்தான் நிற்கும். முப்பத்தெட்டு ஜிபி என்றது.

முப்பத்தொன்று வரைக்கும் சேதமில்லை. அங்கிருந்து எடுத்ததையே அங்கே திரும்ப எழுதியிருக்கிறது. அதற்கு மேல் புது டிஸ்க்கில் ஒன்றுமே கிடையாது, வெறும் பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தை ஏழு ஜிபி தூரத்துக்கு மச்சான் டிஸ்க்கின் மேல் எழுதிவிட்டேன். விண்டோஸில் அழித்த கோப்பை மீட்கலாம், ஃபார்மட் பண்ணியதைக்கூடத் தோண்டி எடுக்கலாம். மேலேயே எழுதிவிட்டால் எந்தக் கொம்பனாலும் எடுக்க முடியாது.

மனைவியைக் கன்னாபின்னாவென்று கத்தினேன். தட்டு கீழே விழுந்து பொரி கடை முழுக்கச் சிதறியது. அவளுக்குப் பொட்டின் அர்த்தத்தை நான் ஒரு நாளும் சொல்லியிருக்கவில்லை. அவள் பொரியைக் கூட்டி அள்ளிக்கொண்டு போனாள். அவள் மேல் ஒரு தப்பும் இல்லை என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரியும், அதனால்தான் அவ்வளவு கத்தினேன்.

ஒயரை மாற்றி, இந்த முறை நம்பரைப் பார்த்து, மிச்சத்தை நகல் எடுத்தேன். பழைய டிஸ்க் மறுபடி டிக் டிக் என்று அடிக்க ஆரம்பித்தது. பிற்பகலில் புது டிஸ்க்கைத் திறந்து பார்த்தேன். படங்களின் பெயர் வரிசை முழுசாக இருந்தது. ஆனால் நடுவில் ஒரு நீளத்துக்குப் பெயர் மட்டும்தான், திறந்தால் ஒன்றும் இல்லை. அப்போது நான் செய்ததைத்தான் இத்தனை பேச்சுக்கும் நடுவில் சொல்ல வேண்டும். அந்தப் பெயர்களை எல்லாம் தேர்ந்தெடுத்து அழித்தேன். மிச்சப் படங்களுக்கு ஒன்றிலிருந்து புதிதாக வரிசை நம்பர் போட்டேன். கட்டளையில் ஒரே வரி, இரண்டு விநாடி வேலை.

சாயங்காலம் சிதம்பரத்தில் ஸ்டூடியோவுக்குப் போனபோது அந்த அம்மா எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் இளைய பெண், பத்தொன்பது வயது இருக்கும், அம்மாவின் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். அம்மா ஒவ்வொரு படமாகப் பார்த்தது. முகம் தெரியாத படத்தில் காது, கழுத்து, கை வளையல் என்று தேடியது. அழவில்லை. சில படங்களில், "இது எங்க பக்கத்து ஊட்டுப் புள்ள" என்று மட்டும் சொன்னது. மச்சான் ஒரு கட்டத்தில் என் காதருகே வந்தார்.

"மாப்ள, இன்னும் ஜாஸ்தி எடுத்த மாதிரி ஞாபகம்."

"மூணு வருஷம் ஆச்சி மச்சான். ஞாபகம் அப்பிடித்தான் இருக்கும்" என்றேன். அவர் போய் அடுத்த படத்தைத் திறந்தார்.

கடைசிப் படம் முடிந்தது. அந்த அம்மா என் பக்கம் திரும்பியது.

"இவ்ளோதானா தம்பி?"

"இவ்ளோதாம்மா."

"வேற எதுவும் உட்டுப்போவல இல்ல?"

"இல்லம்மா. எல்லாம் பாத்தாச்சு."

அது மூச்சை விட்டது பாருங்கள், மூன்று வருஷமாகப் பிடித்து வைத்திருந்த மூச்சு. "அப்ப எம்பொண்ணு இருக்குறா" என்றது. சின்னவளைக் கட்டிக்கொண்டு அப்போதுதான் அழுதது. "நீ நல்லா இருப்ப தம்பி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டது. மச்சான் மின்விசிறியைக் கூட்டி வைத்துவிட்டுக் கடை வாசலில் போய் நின்றார்.

காரியம் நடக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் இரண்டு மாதம் பார்த்துவிட்டு வேறு இடத்தில் முடித்துக்கொண்டார்கள் என்று மச்சான் சொன்னார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் எந்த டிஸ்க்கையும் கொண்டுவரவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த அம்மா எந்த ஊரில் எந்த அநாதை இல்லம் என்று கேள்விப்பட்டாலும் பஸ் ஏறிப் போய்ப் பார்ப்பதாகக் காதில் விழும். அப்போதெல்லாம் எனக்கு ராத்திரிச் சோறு இறங்காது. மறுநாள் காலையில் இறங்கும்.

2012ல் ஒரு மதியம் அந்த இளைய பெண் தனியாகக் கடைக்கு வந்தாள். எனக்கு அடையாளம் தெரியவில்லை, அவளே சொன்னாள். சிதம்பரத்தில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாளாம். கல்யாணம் இன்னும் ஆகவில்லை.

"அம்மாவுக்கு இப்ப ரொம்ப முடியல. டெய்லி ராத்திரி அக்காவுக்கும் ஒரு தட்டுல சோறு போட்டு வெக்கிது. காலையில அத நான்தான் கொட்டறேன்." பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். "ஸ்டூடியோக்காரரு இன்னும் நெறைய படம் எடுத்தேன்னு போன வாரம் சொன்னாரு. சண்டை போட வரலண்ணா. நெஜத்த மட்டும் சொல்லுங்க."

அஞ்சு வருஷமாக இந்தக் கேள்விக்காகவே உட்கார்ந்திருந்தவன் போல எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பொட்டு, ஒயர், ஏழு ஜிபி, நான் அழித்த பெயர்கள், மாற்றிப் போட்ட நம்பர், ஒன்று விடவில்லை. சொல்லச் சொல்ல எனக்குப் பாரம் இறங்கியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நிம்மதியாக இருந்தது.

"அழிஞ்சிபோன படத்துல எங்கக்கா இருந்தாளா?"

"தெரியலம்மா. நான் அத பாக்கவே இல்ல."

"இல்லன்னாவது சொல்ல முடியுமா?"

"அதுவும் தெரியாது. இனிமே யாருக்கும் தெரியாது."

அவள் ஸ்டூலிலிருந்து எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். வாசல்படி வரைக்கும் போய்த் திரும்பினாள்.

"இன்னிக்கு ராத்திரி தட்டு வெக்கட்டுமா வாணாமான்னு எங்கம்மா கேட்டா, நான் இன்னா சொல்றதுண்ணா?"