முழங்கைச் சோதனை

பேச்சுக்கு நடுவிலேயே அக்கா என் சட்டை நுனியைப் பிடித்துக் கைக்குள் கசக்கிக்கொள்கிறார். உதடு அசைகிறது; எண்ணுகிறார். இருபது வந்ததும் விரல்களை விரித்து, விழுந்த கசங்கலைப் பார்த்துவிட்டு, "சுத்த மோசம். எந்தக் கடையில ஏமாந்தீங்க?" என்கிறார். எனக்குக் கோபம் வருவதில்லை. உணவறைத் திரைச்சீலைக்கும் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவரின் கைக்குட்டைக்கும் இதே மரியாதைதான் நடக்கிறது.

எங்கள் துணி ஆலையின் சோதனைக்கூடத்தில் அவருக்குப் பதினெட்டு வருட வேலை. பருத்தித் துணி கசங்காமலிருக்க மருந்து ஏற்றுவது அவர் பொறுப்பு. எல்லோருக்கும் அவர் 'இஸ்திரி அக்கா'. பெயர் வைத்தது அனுப்புதல் பிரிவிலிருக்கும் நான்தான் என்று அவருக்குத் தெரியும், இன்றுவரை காட்டிக்கொண்டதில்லை.

மருந்து என்ன செய்கிறது என்று கேட்டால் இரண்டு கைகளையும் நீட்டிவிடுவார். "பஞ்சுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத சங்கிலிங்க பக்கத்துல பக்கத்துல கிடக்கும். துணிய மடிச்சா நழுவி, போன இடத்துலயே உக்காந்துக்கும். அதான் கசங்கல். மருந்து போட்டுச் சூட்டுல வாட்டினா ஒண்ணோட ஒண்ணு கைகோத்துக்கும். மடிச்சு விட்டாலும் பழைய இடத்துக்கு ஓடி வந்துடும்." பிறகு விரல்களைக் கோத்து வெளுக்கும்வரை இறுக்குவார். "இப்படிப் பிடிச்சுட்டா நெளிய இடமில்லாம ஒடிஞ்சிடும்."

கருவிகளை நம்புகிறார், கணவரைக் கொஞ்சம் கூடுதலாக நம்புகிறார். புதுத் துணி எது வந்தாலும் ஒரு முழுக்கைச் சட்டை தைத்து அவருக்கு மாட்டிவிடுவார். மனிதர் முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறார். நாள் முழுக்க மடங்கி நிமிரும் முழங்கை. "கல்யாணத்துக்கு அப்புறம் எனக்குன்னு ஒரு சட்டை எடுத்ததில்லீங்க. எல்லாமே இவ பரீட்சைதான்" என்று அலுத்துக்கொள்வார். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கேட்காமலே முழங்கையை நீட்டுவதும் அவர்தான்.

போன மாதம் மெல்லிய சட்டைத் துணிக்குப் பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. மடித்து விட்டால் எவ்வளவு நிமிர்கிறது என்று அளக்கும் கோணம் நூற்று நாற்பது டிகிரி காட்டியது; அவ்வளவு வருவது அபூர்வம். மேலாளருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இழுத்துப் பார்க்கும் சோதனையில் துணி மயிரிழையில் தேறியதை அவர் கவனிக்கவே இல்லை. சோதனைக்கூடத் தலைவர் ஓய்வு பெறுகிறார். இந்தத் துணி போய்ச் சேர்ந்தால் அந்த நாற்காலி உங்களுக்குத்தான் என்று மேலாளர் அக்காவிடம் சொல்லியும் விட்டார். அக்காவுக்கு அதன்மேல் ஆசை இல்லை என்று சொன்னால் நான் பொய்யன்.

மூன்றாவது துவைப்புக்குப் பிறகு ஒருநாள், வாடிக்கையாளரின் தலையைச் சாய்க்கக் கணவர் கையை மடக்கினார். அந்தத் துணியில் தைத்த சட்டையின் முழங்கை சர்ரென்று கிழிந்தது. "இந்தத் தடவை நீ ஃபெயில்" என்று வீட்டில் வந்து சிரித்தாராம். அக்கா சிரிக்கவில்லை. மறுநாள் தன் குறிப்பேட்டைப் புரட்டினார். மருந்தோடு சேர்க்கும் அமிலத்தில், தடித்த துணிக்கான அளவு மெல்லிய துணிக்கு எழுதப்பட்டிருந்தது. அமிலம் கூடினால் நூல் ஒடியும். கையெழுத்து அவருடையதேதான்.

அனுப்பும் தாள்களுக்காக நானும் மேலாளர் அறையில் இருந்தேன். துணிக்கான தரச் சான்றிதழ் தயாராக மேசைமேல் கிடந்தது, அக்காவின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அக்கா விஷயத்தைச் சொன்னார்.

"வாங்குறவங்க கோணம்தானேம்மா கேக்குறாங்க? நாளைக்குக் கிழிஞ்சா, துணி வாட்டுற அடுப்பு ஓட்டுறவர் சூட்டைக் கூட்டிட்டாருன்னு சொல்லிக்கலாம்."

"அவர் சரியாத்தான் சார் ஓட்டினார். தப்பா எழுதினது நான்."

"அப்ப அந்த நாற்காலி வேண்டாமா?"

"வேணும்தான் சார்" என்றார் அக்கா.

பிறகு அந்தச் சான்றிதழை எடுத்துக் கைக்குள் கசக்கினார். உதடு அசைந்தது. இருபது வந்ததும் மேசைமேல் வைத்து விரல்களை விரித்தார். மூன்று பேரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். அது நிமிரவில்லை.