ஈஸ்டருக்கு முன்பே வந்த அல்லேலூயா

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் ஆண்டவரைத் துதியுங்கள். ஓடும் ஸ்கூட்டரில் தலையைப் பின்னால் திருப்பி மனைவிக்கு ஜோக் சொன்னவன் நான்.

போன மழைக்காலம். அடையாறு பாலத்தில் இறங்கிக்கொண்டிருந்தோம். ஜோக் முடிவதற்குள் வண்டி சறுக்கியது. ரெஜினாவுக்கு முழங்கால் உடைந்தது. எனக்குச் சின்னச் சிராய்ப்பு. அது நல்ல ஜோக்கும் இல்லை.

பங்குக் கோயில் பாடகர் குழுவில் பாடுகிறவன் நான். அதன் பிறகு பாட வாயைத் திறந்தாலே பாலத்தில் அவள் அலறியதுதான் காதில் கேட்டது. பாட்டு வெளியே வராது. சளி என்று பொய் சொல்லிக் குழுவிலிருந்து விலகினேன். கடைசி பெஞ்சில், தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். என் உடம்புக்கு அந்தத் தூண் போதவில்லை என்பது வேறு விஷயம். எங்கள் மந்தைவெளி வீட்டில் சிரிப்பே நின்றுபோனது. "ஆண்டவரே, அவளை நடக்க வையும், சிரிக்க வையும். என் குரல் வேண்டுமானால் போகட்டும்" என்று அழுதேன்.

மாவுக்கட்டைப் பிரித்த பின் தினமும் முழங்காலை மடக்கிப் பழக வேண்டும். ரெஜினா வலி தாங்காமல் பாதியில் நிறுத்திவிடுவாள். ஒரு நாள் என் மேல் பாய்ந்தாள்.

"சும்மா மூஞ்சியப் பாத்துக்கினு உக்காந்தா எப்படி? ஏதாவது பாடுங்க. அந்தத் தாளத்துக்காவது மடக்குறேன்."

"வரலைம்மா."

"அப்ப முனகுங்க. அதுக்குக்கூடவா ரிகர்சல்?"

மாதா பாட்டு ஒன்றை முனகினேன். இரண்டாவது வரியிலேயே அழுகை வந்துவிட்டது.

"நிறுத்தாதீங்க, கால் பாதில நிக்குது!"

ஆண்டவர் பதில் சொல்லத் தொடங்கியது அங்கேதான். எனக்குத்தான் புரியவில்லை. தினமும் முனகினேன். முனகல் மெல்லப் பாட்டானது. காதில் கேட்ட அலறல் தூரமாகப் போனது. அவள் ஸ்டிக் ஊன்றி நடந்தாள். ஆனாலும் நாலு பேர் முன்னால் பாட எனக்குக் கூசியது.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் ஒரு ஞாயிறு. பூசையில் நற்செய்தி வாசிப்பதற்கு முன் எல்லோரும் எழுந்தோம். ரெஜினாவும் எழுந்தாள், ஸ்டிக் இல்லாமல், என் தோளை மட்டும் பிடித்துக்கொண்டு. அதைப் பார்த்ததும் நெஞ்சு தாங்கவில்லை. கோயிலே அமைதியாக இருந்த அந்த நொடியில், முழுத் தொண்டையில் பாடிவிட்டேன்: "அல்லேலூயா!"

தவக்காலம் முழுக்க நாம் பாடாமல் ஈஸ்டருக்கென்று பூட்டி வைக்கும் ஒரே சொல். இப்போதுதான் புதுநன்மை வாங்கிய சின்னப் பிள்ளைக்குக்கூட அது தெரியும். எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. ஃபாதர் புத்தகத்தைத் திறந்தபடி அப்படியே நின்றார். தூணைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விடலாமா என்றிருந்தது.

பக்கத்தில் ஏதோ சத்தம். ரெஜினா வாயைப் பொத்திக்கொண்டு உடம்பு குலுங்கச் சிரித்தாள். பாலத்துக்குப் பிறகு முதல் முறையாக.

வெட்கத்தில் காது எரிய எரிய ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். இப்போதும் ஜோக் சொல்கிறேன், வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு. மனம் உடைந்து வாய் திறக்க முடியாமல் இருக்கிறவர்களே, முனகுங்கள், போதும். அவர் அதையும் ஜெபமாக எடுத்துக்கொள்கிறார்.

அன்று பூசை முடிந்ததும், பாடகர் குழுவை நடத்தும் ஸ்டெல்லா டீச்சர் முன்னால் தலைகுனிந்து நின்றேன்.

"டீச்சர், நான் மறுபடி குழுவுக்கு வரலாமா?"

என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வா, ஆனா ஈஸ்டர் வரைக்கும் வாயத் தொறக்காத."