அரையடி வக்கீல்

எழுதிப் பழக்கமில்லாதவன் நான். மூன்றாவது பாரத்தோடு படிப்பு நின்றுவிட்டது. நாலு பேர் முன்னால் பேசவே வாய் வராதவன், இத்தனை பேர் படிக்கிற இடத்தில் எழுத வந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எழுதாமல் விட்டால் இது என்னோடு போய்விடும் என்பதால் எழுதுகிறேன்.

யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருஷம் முந்தி நடந்தது. நாமக்கல்லில் ஒரு வக்கீலிடம் நான் குமாஸ்தா. எங்கள் வக்கீலுக்குப் பெரும்பாலும் கட்டட வழக்குகள்தான் வரும். பொதுச்சுவர்த் தகராறு, விரிசல், சாக்கடைத் தண்ணீர் யார் பக்கம் விழுகிறது என்ற சண்டை, சுண்ணாம்பைக் குறைத்து மணலைக் கூட்டிவிட்ட கண்டிராக்டர், இப்படி. மற்றவர்கள் சட்டப் புத்தகத்தோடு போனால் இவர் கோட்டுப் பையில் தூக்குக்குண்டும் ஓர் ஆணியும் போட்டுக்கொண்டு போவார். ஆணியால் காரையைச் சுரண்டிப் பார்த்தே கலவையைச் சொல்லிவிடுவார். இரண்டு கட்சியையும் சுவரோரம் நிற்க வைத்துப் பேசிப் பாதி வழக்கை அங்கேயே முடித்துவிடுவார். அவர் எடுத்த அளவை யாரும் குறுக்கு விசாரணையில் தொடுவதில்லை என்று கோர்ட்டில் பேர்.

ராசிபுரத்தில் ஒரு நெசவாளி, தறி போட்டிருந்த அறையின் மேற்குப் பக்கத்து மண்சுவர் மழையில் சரிந்துபோய், அந்த இடத்தில் செங்கல் சுவர் எழுப்பினார். தன் நிலத்துக்குள் சுவர் வந்துவிட்டதாகப் பக்கத்து வீட்டுக்காரர் வழக்குப் போட்டார். இடத்தைப் பார்த்து அளந்து சொல்லும்படி கோர்ட் எங்கள் வக்கீலைக் கமிஷனராகப் போட்டது. நெசவாளியின் கிரயப் பத்திரத்தில் மனையின் அகலம் பதினெட்டு அடி. அதற்கு மேல் இருந்தால் சுவரை இடிக்க வேண்டியதுதான். சுவரை ஒட்டியே இரண்டு தறிக்குழிகள். சுவர் போனால் தறியும் போகும்.

இங்கே என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். அளக்கிற துணி டேப்பின் முதல் அரையடியை அதற்கு ஒரு மாதம் முன் எலி கடித்துவிட்டது. வக்கீலிடம் சொல்லக் கூச்சப்பட்டு, மீதித் துணியின் நுனியில் பித்தளை வளையத்தை நானே தைத்துவிட்டேன். டேப்பு எது காட்டினாலும் அரையடி கழித்துச் சொல்ல வேண்டும். வளையத்தை வேறொரு ஆள் பிடிப்பார். எண்ணைப் படிப்பது நான், எழுதுவது வக்கீல். அதற்கு முன் இரண்டு இடங்களில் ஒழுங்காகக் கழித்துத்தான் சொன்னேன். விஷயம் வெளியே தெரியவில்லை.

ராசிபுரத்தில் தெருவே கூடிவிட்டது. நான் கணக்குப் போட்டு முணுமுணுப்பதற்குள் பக்கத்து வீட்டுக்காரரின் மனைவி, "ஏனுங்க வக்கீலய்யா, உங்க குமாஸ்தா வாயில கொழுக்கட்டையா வெச்சிருக்கறாரு? சத்தமாச் சொல்லச் சொல்லுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது வரைக்கும் சூடேறிவிட்டது. டேப்பில் கண்ணுக்குப் பட்டதை அப்படியே கத்திச் சொன்னேன்.

"பதினெட்டரை."

வக்கீல் எழுதிக்கொண்டார். அரையடி மிகுதி என்று ரிப்போர்ட்டும் போய்விட்டது. எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அந்தச் சிரிப்பை நினைத்து நினைத்து வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

பத்து நாள் கழித்து அந்த நெசவாளி எங்கள் ஆபீசுக்கு வந்தார். ரிப்போர்ட் கொடுத்தாகிவிட்டது, இனி எதுவானாலும் கோர்ட்டில் சொல்லுங்கள் என்று வக்கீல் மரியாதையாக அனுப்பிவிட்டார். வெளியே வந்தவர் சண்டை போடவில்லை. என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"பழைய கடக்கால் மேலயேதானுங்க சாமி செவுத்த எழுப்புனேன். கடக்கால் நகருமுங்களா?"

அஸ்திவாரம் எங்கே நகரும்? அந்தக் கணத்தில்தான் அரையடி கழிக்காதது நினைவுக்கு வந்தது. அவர் தெருமுனை திரும்புகிற வரை அங்கேயே நின்றேன்.

உள்ளே போனேன். சொல்ல வாய் வரவில்லை. வக்கீல் பார்க்கும்படி டேப்பை எடுத்து ஆபீஸ் நிலைக்கதவை அளந்தேன். பிறகு மர அடிக்கோலால் அதையே அளந்தேன். டேப்பில் ஆறரை, கோலில் ஆறு. அவர் எழுந்து வந்து டேப்பின் நுனியைக் கையில் எடுத்தார். தையலைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

"எப்பத் தெச்சீங்க?"

நடந்ததைச் சொன்னேன். மற்ற இரண்டு இடங்களில் என்ன எண் எழுதினோம் என்று கேட்டு, அந்த வழக்குக் கட்டுகளை எடுத்துப் பத்திரத்து அளவோடு சரிபார்த்தார். அவை சரியாக இருந்தன. டேப்பைச் சுருட்டித் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அடுத்த வாய்தாவில் அவராகவே எழுந்து, தான் கொடுத்த அளவு தப்பு, வேறொருவரைக் கொண்டு மறுபடி அளக்க வேண்டும் என்றார். வாதியின் வக்கீல், அரையடி தப்பாக அளந்தவர் இனி அரை ஊரையே தப்பாக அளப்பார் என்றார். கோர்ட்டில் ஒரே சிரிப்பு. டேப்பைப் பிடித்துப் படித்தது யார் என்று முன்சீப் கேட்டார். கட்டுகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நான் பின்னால் நின்றேன்.

"டேப்பு என்னோடதுங்க. அளவும் என்னோடதுதான்" என்றார் எங்கள் வக்கீல்.

அன்று முதல் அவருக்கு 'அரையடி வக்கீல்' என்று பேர் விழுந்தது. ஒரு வருஷம் வரை கமிஷன் வேலை ஒன்றும் வரவில்லை. ஆனால் எங்கள் வக்கீலை நன்றாக அறிந்த திருச்செங்கோட்டுக் கண்டிராக்டர் ஒருவர், தன் மேல் வந்த தகராறுக்கு மத்தியஸ்தம் பேச, "அந்த அரையடி வக்கீலையே போடுங்க. தப்பாப் போனா அவரே சொல்லிருவாரு" என்றாராம். எதிர்க்கட்சியும் ஒத்துக்கொண்டது. அதன் பின் கோர்ட்டுக்குப் போகாமலே அவரிடம் வந்த கட்டடத் தகராறுகள் அநேகம். அவர் என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. அந்தப் பேச்சை மறுபடி எடுத்ததும் இல்லை. இன்றைக்கும் ஓர் எண்ணை எழுதுமுன் என் கை சற்று நிற்கிறது. இந்த எண்ணுக்குப் பின்னாலும் யாருடைய தறியாவது இருக்குமே என்று நினைத்துக்கொள்கிறேன்.

கோர்ட்டில் அப்படி நடந்த மறுநாளே வேறொரு வக்கீல் புது டேப்போடு ராசிபுரம் போனார். முதலில் அளந்த இடத்தைக் காட்ட என்னையும் அனுப்பினார்கள். எண்ணைப் படிக்கச் சொன்னார்கள். பதினெட்டு என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன். இரண்டு கட்சிக்காரர்களும் கையெழுத்துப் போட்டார்கள். சுவர் இருந்த இடத்திலேயே நின்றது. மத்தியானம் பஸ் ஏறி நாமக்கல் வந்து சேர்ந்தேன்.