அப்பாவின் தலைமுழுக்கு

இங்கே, நார்வேயில், இழவு வீட்டுக்குப் போய் வந்தவர்கள் குளிப்பதில்லை. காபி குடிக்கிறார்கள். கீழ்வீட்டுக்காரர் தன் அண்ணனை அடக்கம் செய்துவிட்டு, அதே கறுப்புக் கோட்டோடு நேரே என் வீட்டுக்கு வந்து, சோபாவில் உட்கார்ந்து கேக் தின்றார். அவர் போனதும் சோபா உறையைக் கழற்றித் துவைத்தேன். ஞானஸ்நானம் வாங்கி நாலு வருடமானவன் செய்கிற காரியமா இது என்று எனக்கே வெட்கம். ஆனாலும் துவைத்தேன்.

நான் கறம்பக்குடிப் பக்கத்துக்காரன். இங்கே மீன் பதப்படுத்தும் தொழிற்சாலையில் வேலை. வந்த முதல் குளிர்காலத்தில் இரண்டு மாதம் சூரியனே தலைகாட்டவில்லை. எனக்குப் பைத்தியம் பிடிக்காமல் காப்பாற்றியது பாஸ்டர் எரிக்கின் சிறிய சபைதான். அங்கே இலவசமாக ஊற்றிய சூப்புக்காகப் போனேன், பிறகு நிஜமாகவே நம்பினேன். இதை ஊரில் யாரும் நம்பப் போவதில்லை, விடுங்கள். சபையில் மேடைப் பலகையைத் தூக்கினால் அடியில் ஒரு தொட்டி, வெதுவெதுப்பான தண்ணீர். இறங்கும் முன் பாஸ்டர் விளக்கினார். நீருக்குள் அமிழ்வது கிறிஸ்துவோடு சாவது, அடக்கமாவது. எழுவது அவரோடு உயிர்த்தெழுவது. அழுக்குப் போகிற குளியல் இல்லை, பழைய மனிதனின் சாவு. மூச்சுமுட்ட எழுந்தபோது நான் அழுதேன். அவ்வளவு லேசாக அதற்கு முன்பும் பின்பும் நான் இருந்ததில்லை.

அந்தச் சந்தோஷத்தில் அப்பாவுக்குப் போன் போட்டேன். பாஸ்டர் சொன்னதை அப்படியே நம் பேச்சில் சொன்னதுதான் நான் செய்த தப்பு.

“அப்பா, ஒங்க பழைய மகன் செத்துட்டான்ப்பா. தண்ணியில முழுகி, புது ஆளா எந்திரிச்சுட்டேன்.”



“செத்துட்டானா? நீயே சொல்லிட்டே. சரி, நான் தலை முழுகிடுறேன்.”

நம்மூரில் கோபம் வந்தால் எல்லோரும் சொல்வதுதான், அவனைத் தலைமுழுகிட்டேன் என்று. சொல்லிவிட்டுத் தீபாவளிக்குக் கூப்பிட்டுச் சோறும் போடுவார்கள். அப்பா சொன்னதோடு நிற்கவில்லை. ஊருணிக்குப் போய் மூன்று முறை முங்கி, ஈர வேட்டியோடு வீட்டுக்கு வந்து என் போட்டோவை இறக்கினாராம். தங்கை வள்ளி சொன்னாள். அதன் பிறகு என் போனை அவர் எடுக்கவே இல்லை. நான் ஒரே மகன். கொள்ளி வைக்கவாவது என்னைக் கூப்பிடச் சொல்வார் என்று காத்திருந்தேன். கிறிஸ்தவன் அதைச் செய்யலாமா என்று யாரிடமும் கேட்கவில்லை. கூப்பிட்டால் போவது என்று இருந்தேன்.

பாஸ்டரிடம் சொல்லி ஆறுதல் தேடலாம் என்று போனேன். என் நார்வே மொழி அப்போது அரைகுறை. தலைமுழுகுவதற்கு அதில் என்ன சொல்வது? எனக்காக அப்பா குளத்தில் மூழ்கி எழுந்தார் என்றுதான் வந்தது.

“உங்கள் அப்பாவுமா?” என்று பாஸ்டர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை சபையில் அறிவித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். அன்று திருத்த வாய் வரவில்லை, பிறகு திருத்தவும் இல்லை.

போன மாதம் ஒரு மத்தியானம் வள்ளி கூப்பிட்டாள்.

“அண்ணே, அப்பா போயிட்டாங்க. நீ டிக்கெட் கிக்கெட் போட்டுராத. சித்தப்பா மகன்தான் கொள்ளி வைக்கிறான்.”

“நான் வர்ற வரைக்கும் ஐஸ் பெட்டியில வைக்க முடியாதா?”

“அப்பாவே சொல்லி வச்சிட்டாங்கண்ணே. செத்தவன் வந்து கொள்ளி வைக்க முடியாதுன்னு.”

தொழிற்சாலைக்கு லீவு சொல்லிவிட்டு, போட்டிருந்த சட்டையோடு ஷவருக்கு அடியில் நின்றேன். அப்பா எனக்கு முழுகினார், இப்போது நான் அவருக்கு முழுகுகிறேன். எழுவதைப் பற்றிப் பாஸ்டர் சொன்னது எதுவும் அப்போது எனக்கு உதவவில்லை.

கதவு தட்டினார்கள். தொழிற்சாலையில் சபைக்காரர்கள் உண்டு, செய்தி அதற்குள் சபைக்குப் போயிருந்தது. பிளாஸ்கில் காபியோடு பாஸ்டர் நின்றார். சொட்டச் சொட்ட நின்ற என்னைத் துண்டால் போர்த்தி, சோபாவில் உட்கார வைத்தார்.

“அப்பாவும் ஞானஸ்நானம் பெற்றவர் அல்லவா? அவரை மறுபடி பார்ப்பீர்கள்.”

“ஆமாம்,” என்றேன்.

கோப்பையைக் கையில் கொடுத்தார். தலையைத் துவட்டாமல் குடித்தேன். குனியும்போதெல்லாம் நெற்றியிலிருந்து ஒரு சொட்டு காபிக்குள் விழுந்தது.