அபாங் என்ற ஒரு சொல்

மலாக்காவின் காஜா பேராங்கில் சந்திரமதியை அறியாத அடுப்படி கிடையாது. வீடு வீடாகப் போய் அம்மியில் மசாலா அரைத்துக் கொடுப்பாள். மிளகாய் அரைத்து அரைத்துக் கை இரண்டும் காந்திப்போய்க் கிடக்கும். நெற்றியில் மட்டும் பெரிய குங்குமப் பொட்டு. அதுதான் ஊர் வாய்க்கு அவல். அவள் புருஷன் வேலாயுதத்தை ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போய்ப் பதினாலு வருஷம் ஆகிறதே!

"செத்தாருன்னு எவன் பாத்தான்? பாத்தவன் முன்னால வரட்டும்" என்பாள். யாரும் வந்ததில்லை. அதே லாரியில் போன அவள் அண்ணன் நல்லையாவைப் பற்றித்தான் சேதி வந்தது. பிழைத்துத் திரும்பிய ஒருவன், "ரெண்டு பேருல ஒருத்தரு காலராவுல போயிட்டாரு. ஒங்க அண்ணன்தான்" என்று சொல்லிவிட்டுப் போனான். அழுது தீர்த்தாள். அண்ணன் போனால் என்ன, இவராவது மிஞ்சினாரே என்று ஒரு மூலையில் மனசு நிம்மதிப்பட்டதும் உண்மை. யாரிடமும் அதை அவள் சொன்னதில்லை.

நாட்டுக்குச் சுதந்திரம் வந்து மூன்று வாரம் இருக்கும். பக்கத்துக் கம்போங் செட்டிக் குடியிருப்பிலிருந்து தம்பிராஜா ஓடி வந்தான். லாரி ஓட்டுகிறவன். நெற்றி நிறையத் திருநீறு பூசுவான். வாயைத் திறந்தால் மலாய்தான், தமிழ் சுத்தமாக வராது. ஈப்போவில் மழைக்கு ஒதுங்கிச் சீனர்களின் குகைக் கோயிலுக்குள் போனானாம். மொட்டைத் தலையோடு ஒரு தமிழாள் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தாராம். மலாக்கா என்றதும் சந்திரமதியை விசாரித்தாராம்.

"லூ புஞா அபாங் ஹீடோப் லாகி!" என்று கத்தினான்.

உன் அபாங் இன்னும் உயிரோடு இருக்கிறார். அபாங்! வேலிக்கு அந்தப் பக்கத்து மலாய்ப் பெண்கள் புருஷனைக் கூப்பிடும் சொல். அதைக் கேட்டுக் கேட்டு இவள் எத்தனை நாள் வயிறெரிந்திருப்பாள்! இன்றைக்கு அவளுக்கே வந்துவிட்டது. தலைகால் புரியவில்லை. "மெலிஞ்சுட்டாரா? என்னைக் கேட்டாரா?" என்று தமிழிலும் மலாயிலுமாக அவனைத் துளைத்தெடுத்தாள். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று தலையாட்டினான், புண்ணியவான்.

மறுநாளே கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். மலாக்காவில் ரயில் ஏது? இருந்த தண்டவாளத்தையும் அந்த ஜப்பான் படுபாவிகள் பிடுங்கிச் சயாமுக்குத்தானே கொண்டுபோனார்கள். தம்பின் வரை பஸ், அங்கிருந்து ரயில். ஈப்போ ஸ்டேஷனிலேயே இரவைக் கழித்துவிட்டு, காலையில் கேட்டுக் கேட்டு அந்தச் சுண்ணாம்புக்கல் மலைக்குப் போய்ச் சேர்ந்தாள்.

வெளியே வெயில் கொளுத்தியது. குகைக்குள் கால் வைத்ததும் உடம்பு சில்லிட்டது. மேலே பாறையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஊதுபத்திப் புகைக்கு நடுவே, பொன்பூசிய பெரிய புத்தர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். அவளுக்கு அந்தச் சாமியின் பேர்கூடச் சரியாகத் தெரியாது. ஆனாலும் விழுந்து கும்பிட்டாள். "நீ யாரா இருந்தாலும் சரி சாமி, என் தாலியக் காப்பாத்திட்ட" என்றாள்.

பின்னால் விளக்குமாற்றுச் சத்தம் நின்றது.

"சந்திரா?"

திரும்பினாள். மொட்டைத் தலை, சாம்பல் நிற அங்கி, ஒட்டிய கன்னம். அவளுடைய அப்பாவின் மூக்கு. நல்லையா.

அண்ணனையும் அபாங் என்றுதான் சொல்வார்கள். பாவி மகள், அது தெரியாதவளா? செத்தவன் என்று முடிவு கட்டிய ஆளை அந்தச் சொல்லுக்குள் அவள் தேடவே இல்லை.

"அண்ணே... அவரு?"

நல்லையா விளக்குமாற்றைக் கீழே போட்டான். அவள் அவன் அங்கியைப் பிடித்து உலுக்கினாள்.

"என் கையாலதான் கொளுத்தினேன், தங்கச்சி. காலரா. ரெண்டே நாளு" என்றான்.

"ஏன் வந்து சொல்லல? பதினாலு வருஷம்!"

"வரத்தான் கெளம்பினேன். ஈப்போவுல ஒரு மலாக்காக்காரனப் பாத்தேன். நீ பொட்டோட இருக்கேன்னு சொன்னான். அத அழிக்க நானா வரணும்? இங்கேயே கெடந்துட்டேன்."

அவள் ஓவென்று கத்தினாள், குகை முழுக்க எதிரொலித்தது. ஊதுபத்தி ஏற்றிக்கொண்டிருந்த சீனக் கிழவி ஒருத்தி பதறிப்போய் நின்றாள்.

"வருஷா வருஷம் உனக்குல்ல எல போட்டுப் படச்சேன்! நீ இங்க சோறு தின்னுக்கிட்டு இருந்திருக்க. அந்த மனுசனுக்கு ஒருபிடி வைக்கலியே அண்ணே. எத்தன வருஷம் வாசல்ல வந்து நின்னாரோ, உள்ள வரச் சொல்ல ஆள் இல்லாம!"

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். அவள் அழுது ஓய்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தபோது குங்குமமும் சேர்ந்து வந்தது.

"பொறந்த வீட்டுக் கோடி போடணும். உன்னைய விட்டா எனக்கு யாரு இருக்கா?" என்றாள்.

நல்லையா உள்ளே போய், பிக்குகள் கொடுத்து இன்னும் கட்டாமல் வைத்திருந்த ஒரு சாம்பல் நிறத் துணியைக் கொண்டுவந்தான். பிரித்து அவள் எதிரே நின்றான். கை எழவில்லை. அவளே வாங்கித் தலையில் போர்த்திக்கொண்டாள்.